எட்டு டிகிரி

மார்ச் 3, செவ்வாய்

காலையிலிருந்து மழை. பட்டறையில் வேலை குறைவு. அத்தையின் பந்தய வண்டிக்கு எண்ணெய் மாற்றினேன். அதற்கு ஊற்றும் எத்தனால் எரிபொருள் கேனின் மூடியை இறுக்கி வைத்தேன் — காற்றிலிருக்கும் ஈரத்தை அது அப்படியே இழுத்துக்கொள்ளும். சனிக்கிழமை இந்தப் பருவத்தின் முதல் ஓட்டம்.

மற்ற வீடுகளில் மாமியாரும் மருமகளும் எதற்குச் சண்டை போடுவார்களோ தெரியாது. எங்களுக்குள் வருவதெல்லாம் டயரில் எவ்வளவு காற்று என்பதுதான். அத்தைக்கு ஐம்பத்தேழு வயது. வாரத்தில் ஐந்து நாள் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார். சனிக்கிழமையானால் கால் மைல் தூரத்தைப் பத்து நொடிக்குள் கடக்கிறார். இஞ்சினை டியூன் செய்வது நான்.

பாத்திரம் கழுவும்போது இவர் பக்கத்தில் வந்து நின்றார். போன பருவத்தின் கடைசி ஓட்டத்தில் வண்டி பாதையோரச் சுவரை உரசியதிலிருந்து மனுஷன் ஆளே சரியில்லை.

"அம்மாகிட்ட நேரா சொன்னா கேக்க மாட்டாங்க. நீ வண்டியக் கொஞ்சம் மந்தமாக்கிடேன். டைம் வரலைன்னா தானா விட்டுடுவாங்க."

முடியாது என்று சொல்லியிருக்க வேண்டும். "பாக்கலாம்" என்றேன்.

மார்ச் 6

செய்துவிட்டேன்.

பிஸ்டன் உச்சிக்கு வந்து சேர இன்னும் முப்பத்திரண்டு டிகிரி இருக்கும்போதே பொறி விழ வேண்டும். அப்போதுதான் எரிபொருள் பற்றிப் பரவி, பிஸ்டன் இறங்கும் நேரத்துக்குச் சரியாக அதை ஓங்கித் தள்ளும். அதை இருபத்துநான்கு ஆக்கினேன். எட்டு டிகிரி தாமதம். லேப்டாப்பில் ஒரு எண், அவ்வளவுதான்.

பொறி அளவுக்கு மீறி முந்தினால்தான் இஞ்சின் தட்டும், உடையும். பிந்தினால் என்ன? பலம் கொஞ்சம் குறையும். யாருக்கும் ஒன்றும் ஆகாது. — இதை எனக்கு நானே இரண்டு தடவை சொல்லிக்கொண்டேன். ஏன் இரண்டு தடவை?

மார்ச் 7

9.96 நொடி. போன வருடம் இதே பாதையில் 9.80.

அத்தை நேரச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கியர் மாத்தறதுல தூங்கிட்டேன் போல." நான் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். டயரில் பார்க்க ஒன்றுமில்லை.

மார்ச் 21

9.97.

மார்ச் 25

அத்தை கண் டாக்டரிடம் போய்வந்தார். கண் நன்றாக இருக்கிறதாம். நல்ல செய்திதானே? சொல்லும்போது முகம் செத்துப்போயிருந்தது.

ஏப்ரல் 4

9.98. பக்கத்துத் தடத்தில் ஓடியவன் தன் ஆட்களிடம், "பெரியம்மாவுக்கு வயசாயிடுச்சு" என்றான். மெதுவாகத்தான் சொன்னான். அத்தைக்குக் காது எப்போதுமே பாம்புக் காது.

வரும் வழியெல்லாம் அத்தை வலது கையை விரித்து மடக்கிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஏப்ரல் 8

இன்று சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். அத்தை சாப்பாட்டு மேசையில் வலது கையை நீட்டி, விரல்கள் மேல் ஒரு வெள்ளைத் தாளை வைத்து உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். தாள் நடுங்குகிறதா என்று.

"அக்காவுக்கு இப்படித்தாண்டி ஆரம்பிச்சது. மொதல்ல எல்லாத்துலயும் ஒரு கண்ணிமைக்கிற நேரம் லேட்டு. கடைசில சட்டைப் பொத்தானக்கூடப் போட முடியல அவளால. எனக்கும் அதுதான்னு நெனைக்கிறேன். பந்தயம் கெடக்குது விடு. கிரேன்ல ஒக்காந்துருக்கேன், கீழ ஆளுங்க நிக்கிறாங்க. திங்கக்கிழமை வேலைய விடறேன்னு எழுதிக் குடுத்துடலாம்னு இருக்கேன்."

ஐயோ. நான் என்ன காரியம் செய்துவைத்திருக்கிறேன்?

இவர் வந்ததும் சொன்னேன். முதலில், "பந்தயத்த விடறாங்கன்னா நல்லதுதானே" என்றார். அத்தை தன் அக்காவின் நோய் தனக்கும் வந்துவிட்டது என்று பயப்படுவதைச் சொன்னதும் சுவரில் சாய்ந்துவிட்டார். "அப்படி நெனைப்பாங்கன்னு நான் நெனைக்கவே இல்லையே."

நான் நினைத்தேனா? நானும்தான் நினைக்கவில்லை.

ஏப்ரல் 10

அத்தை வண்டியின் இஞ்சினில் ஒரு சிலிண்டர் அழுத்தம் பிடிக்கவில்லை. பட்டறையில் வால்வு வேலை பார்ப்பவரை எல்லோரும் வால்வு அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். தலைப்பகுதியைக் கழற்றிய அண்ணன் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"பொக போற வால்வு வெந்து கெடக்கும்மா. உள்ள எரிய வேண்டியது பைப்புல போயி எரிஞ்சிருக்கு. யாரு இவ்ளோ லேட்டா பத்த வெச்சது?"

கையில் இருந்த ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தேன். அதுவே பதிலாகிவிட்டது. அவர் விளக்கை அணைத்தார். "அவங்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார்.

யாருக்கும் ஒன்றும் ஆகாது என்றேனே. வால்வும் போச்சு, மனுஷியும் போய்க்கொண்டிருக்கிறார்.

ஏப்ரல் 11

சொல்லிவிட்டேன்.

அத்தை துணி மடித்துக்கொண்டிருந்தார். உட்காராமலே சொன்னேன். உட்கார்ந்தால் சொல்ல வராது. "அத்தை, உங்க கையில ஒண்ணும் இல்ல. நான்தான் டைமிங்க எட்டு டிகிரி பின்னால தள்ளி வெச்சேன்."

"எப்போலேர்ந்து?"

"மொத ஓட்டத்துலேர்ந்து."

"மூணு ஓட்டமுமா?"

"மூணும்."

கையில் இருந்த துண்டை நாலாக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். அடி விழுந்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன்.

"அப்போ... எனக்கு ஒண்ணும் இல்லையா?"

"ஒண்ணும் இல்ல அத்தை."

கட்டிலில் உட்கார்ந்து அந்தத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். தோள் குலுங்கியது. நானும் தரையில் உட்கார்ந்து அழுதேன். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. பிறகு எழுந்து மூக்கைச் சிந்தினார். "அவன் சொல்லித்தானே செஞ்சே?" நான் வாயைத் திறக்கும் முன்பே அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஏப்ரல் 12

பேசவில்லை.

ஏப்ரல் 13

பேசவில்லை. ஆனால் சமைத்தார். உப்பு, காரம் எல்லாம் கச்சிதம். வேலைக்குப் போய் வந்தார். எதையும் எழுதிக் கொடுக்கவில்லை என்பது மட்டும் தெரிந்தது. அது போதும் எனக்கு.

ஏப்ரல் 14

சாப்பிட்டு முடித்ததும் இரண்டு பேரையும் உட்காரச் சொன்னார்.

"டேய், பயமா இருந்தா பயமா இருக்குன்னு சொல்லுடா. என் கைய நானே சந்தேகப்பட வெச்சிட்டியே."

இவர் தலையைக் குனிந்தபடியே சொன்னார்: "அன்னிக்கு நீங்க சுவத்துல உரசினப்போ நான் அங்க இல்லம்மா. ஃபோன்லதான் கேட்டேன். பாதி கேக்கறதுக்குள்ள லைன் கட்டாயிடுச்சு. மறுபடி கெடைக்கற வரைக்கும் நீங்க இல்லன்னே நெனைச்சிட்டு இருந்தேன்."

அத்தை அதைக் கேட்டதே இல்லை. நானும்தான். கொஞ்ச நேரம் மகன் தலையில் கையை வைத்திருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"நீ அவன் பொண்டாட்டி, சரி. வண்டிக்கு நீ யாரு?"

"டியூனர்."

"அப்போ வண்டிகிட்ட டியூனரா மட்டும் நில்லு."

இனி சுவர்ப்பக்கம் வண்டி இழுத்தால் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுவதாக இவரிடம் வாக்குக் கொடுத்தார். கழுத்தைக் காக்கும் பட்டையைப் புதிதாக வாங்கச் சம்மதித்தார். இவ்வளவுதான். இந்த நாலு வார்த்தைக்கா ஒரு மாதம்?

ஏப்ரல் 22

புது வால்வுகள் போட்டாயிற்று. வண்டியை டைனோவின் உருளைமேல் ஏற்றிக் கட்டினோம் — சக்கரம் எவ்வளவு பலமாக இழுக்கிறது என்று அது அளந்து சொல்லும். அத்தை காதில் பஞ்சுடன் என் தோளுக்குப் பின்னால் நின்றார்.

இருபத்துநான்கிலிருந்து தொடங்கினேன். இருபத்தாறு — இழுவை ஏறியது. இருபத்தெட்டு — ஏறியது. முப்பதிலும் நன்றாகவே. முப்பத்திரண்டில் கொஞ்சம். முப்பத்துநான்கில் ஒன்றுமே கூடவில்லை. எத்தனால் தட்டாமல் தாங்கும் என்பதற்காக இன்னும் முன்னால் தள்ளுவதில் அர்த்தமில்லை. இஞ்சினே போதும் என்றுவிட்டது. முப்பத்திரண்டுக்குத் திரும்பி வந்து நிறுத்தினேன். பொறி விடும் ப்ளக்கைக் கழற்றிப் பார்த்தோம். சுத்தமாக, சரியான நிறத்தில் இருந்தது.

"வண்டி பேசுதுடி" என்றார் அத்தை. என்னை 'டி' போட்டுப் பேசி இரண்டு வாரம் ஆகிறது.

மே 2

பயிற்சி ஓட்டத்தில் 9.78!

அரையிறுதியில் தோற்றோம். பச்சை விளக்கு விழுந்தும் வண்டி நகரவில்லை. பக்கத்துத் தடத்துக்காரன் போயே போய்விட்டான். அப்புறம்தான் அத்தை கிளம்பினார். எனக்கு உயிரே போயிற்று. நிஜமாகவே கைதானா? ஓடிப்போய்ப் பார்த்தால் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மூச்சு முட்டச் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"பச்ச வந்துச்சு. அடடா வந்துடுச்சேன்னு ரசிச்சிட்டே ஒக்காந்துட்டேன். கெளம்பணும்ங்கறதே மறந்துபோச்சுடி! இன்னிக்கு நான்தான் தோத்தேன். வண்டி தோக்கல."

தோற்றதற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட ஆளை நான் பார்த்ததில்லை.

இவரும் வந்திருந்தார். ஓட்டம் முழுக்கக் காதையும் கண்ணையும் மாறி மாறிப் பொத்திக்கொண்டிருந்தார். ஆனால் எழுந்து போகவில்லை.

நவம்பர் 14

அடுத்த பருவத்துக்கான விண்ணப்பம் காலையில் மேசைமேல் கிடந்தது. அத்தையின் பெயர், வயது, வண்டி எண் எல்லாம் அவர் கையெழுத்தில். அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற கட்டத்தில் மட்டும் இவர் கையெழுத்து. தன் பெயரை எழுதியிருக்கிறார். எண் எழுத வேண்டிய இடத்தில் எண் இல்லை. 'அங்கேயே இருப்பேன்' என்று எழுதியிருக்கிறார்.

எண்ணை நான் பக்கத்தில் சின்னதாக எழுதிவிட்டு, தபாலில் சேர்த்துவிட்டு வேலைக்குப் போனேன்.