வாய் என்னுடையது

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே உன் அப்பா சுகம், வாயைத் தவிர நானும் சுகம். நீயும் சுகமாக இருப்பாய், அந்தப் போனைக் கொஞ்சம் கீழே வைத்தால் இன்னும் சுகமாக இருப்பாய். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய், காரணம் இருக்கிறது, பொறு.

என் கீழ்வரிசை முன்பல்லில் ஈறு இறங்கி வேர் தெரிய ஆரம்பித்தது உனக்குத் தெரியும். தண்ணீர் பட்டால் உயிர் போகும். தள்ளிப் போட்டால் பல் ஆடி விழுந்துவிடும் என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லிவிட்டார். பேருந்து நிலையத்தில் நாள் முழுக்க மைக்கில் அறிவிக்கிறவளுக்கு முன்பல் போனால் என்ன கதி? ஊர்ப் பெயரெல்லாம் வெறும் காற்றாக வரும், ஜனங்கள் வண்டி மாறி ஏறுவார்கள். நீங்கள் இருவரும் என்னடாவென்றால் ஃப்ரிட்ஜ் வாங்குகிற மாதிரி என் வாய்க்குச் சிகிச்சை பார்த்தீர்கள். சின்ன ஓட்டை போட்டு ஈறை இழுத்து மூடிடுவாங்கம்மா, வெட்டே இல்லை என்று நீ வீடியோ வீடியோவாக அனுப்பினாய். தையல்காரராச்சே உன் அப்பா, விடுவாரா? துணி பத்தாத இடத்துல இழுத்தா இன்னொரு பக்கம் சுருங்கும், அண்ணத்துலேருந்து சதை எடுத்து ஒட்டுப் போட்டாத்தான் நிக்கும் என்று ஒரே பிடிவாதம். எடுத்த இடமும் புண்ணாகுமே, தானமாக வந்த தோலை வைத்து ஒட்டலாமே என்று மறுபடியும் நீ. யாரு தோலோ என்று அவர் முகத்தைச் சுளித்தார். ஞாயிறுதோறும் நீங்கள் மல்லுக்கட்ட, நான் நடுவில் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். வாயைத் திறந்தால் அங்கிருந்து இரும்மா, இங்கிருந்து சும்மா இரு. அதற்குள் ஈறு இன்னும் இறங்கிவிட்டது.

போன வாரம் பொறுமை போய், வேலை முடிந்ததும் நேராக டாக்டரம்மாவிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, ரொம்ப வலிக்குதா என்பதுதான். அங்கேயே அழுதுவிட்டேன். எல்லாம் பேசிய நீங்கள் இருவரும் அதை மட்டும் கேட்கவில்லை. ஓட்டை முறை பல பற்களுக்கு ஒரே தடவையில் செய்ய நல்லது, தானத் தோலும் மோசமில்லை, ஆனால் உங்க ஈறு காகிதமா மெலிஞ்சிருக்கு, உங்க சதையே தடிமனா நிக்கும், அண்ணம் சில நாள் எரியும் என்று ஒளிக்காமல் சொன்னார். செய்யுங்கள் என்றேன், செய்தாயிற்று. அப்பா தான் ஜெயித்ததாக நினைத்துக்கொண்டு, கண்ணாடி மாட்டி, டார்ச் அடித்து என் வாய்க்குள் பார்த்து, தையலை இன்னும் நெருக்கமா போட்டிருக்கலாம் என்கிறார். சிரித்தால் உதடு இழுக்கிறது, திட்டவும் வழியில்லை. தையல் பிரிக்கும்வரை வாயை அசைக்காதீர்கள் என்று உத்தரவு. அதனால்தான் இந்தக் கடிதம்.

நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. பாத்திரம் துலக்குகிற மாதிரி பல் தேய்க்காதே, உனக்கும் என் ஈறுதான். ஞாயிற்றுக்கிழமை போன் செய், நான் ம் மட்டும் கொட்டுவேன். ஒன்று கவனித்தாயா, அம்மா சொல்வதை நீ குறுக்கே பேசாமல் முழுதாகக் கேட்டது இதுதான் முதல் தடவை.

இப்படிக்கு,
வாய் மூடியிருக்கும் உன் அம்மா