கை எடுத்தாச்சா?

ஜூலை 13, ஞாயிறு

சர்ச் முடிந்து வந்து சட்னி அரைத்தோம். மிக்ஸி சுவிட்சில் விரலை வைத்துக்கொண்டு, "அம்மா, கை எடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டேன். அம்மா அடுப்புப் பக்கம் நின்றாள், மிக்ஸிக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை. இருந்தாலும், "எடுத்தாச்சு" என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். சட்னிக்கு உப்புப் போட மறந்துவிட்டாள், நானும் சொல்லாமல் சாப்பிட்டேன்.

அப்பாவின் வளர்ப்பு அப்படி. மின்வாரியத்தில் இன்ஜினியர் சாம்ராஜ். எந்த சுவிட்சைப் போடும் முன்பும் பக்கத்தில் இருக்கிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். அவர்கள் "எடுத்தாச்சு" என்று சொல்ல வேண்டும். ஒருத்தர் பதில் சொல்லாவிட்டாலும் சுவிட்ச் கிடையாது. கடைசியில் தன் பெயரையும் தானே கூப்பிட்டு, "சாம்ராஜ்? எடுத்தாச்சு" என்று பதிலும் தானே சொல்லிக்கொள்வார். லைன் வேலையில் வந்த பழக்கம், ரிட்டயர் ஆவதற்கு வெகு முன்பே கிரைண்டர், அயர்ன் பாக்ஸ், கிறிஸ்துமஸ் ஸ்டார் என்று வீடு முழுக்கப் பரவிவிட்டது. "இது வீடா, சப்ஸ்டேஷனா?" என்று அம்மா கேட்காத நாள் இல்லை.

பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, சர்ச்சுக்குச் சட்டை மாட்டும்போது போய்விட்டார். அம்மா அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. இன்றைக்குத்தான் சிரித்தாள்.

ஜூலை 14, திங்கள்

ஸ்கூலுக்குப் போகும் வழியில் பெத்துராஜ் அண்ணாச்சி டீக்கடையிலிருந்து கையைக் காட்டி நிறுத்தினார். எங்கள் தெருக் கமிட்டித் தலைவர் அவர்தான்.

"டீச்சர், ஆடித்தபசுக்குத் தண்ணிப் பந்தல இந்த வருசம் விட்டுருவோம்னு நெனைக்கோம். ராஜபாளையத்துல ஒரு சீரியல் செட்டுக்காரன் இருக்கான். பெரிய ஆர்ச்சு, ஸ்பீக்கரு, எல்லாம் அவனே பாத்துக்கிடுவான். இன்ஜினியர் பேருலயே போட்டுருவோம்."

ஆர்ச்சுக்கு அடியில் உட்கார்ந்து எவன் காலை நீட்டுவான்? கொடியேறிய நாளிலிருந்து கடைசி நாள் தபசு வரைக்கும், வேண்டுதலுக்காக அம்மன் கோயிலை நூறு தடவைக்கு மேல் ஆடிச்சுற்று சுற்றுகிறவர்கள் களைத்துப்போய் வந்து உட்காருவதற்குத்தான் அப்பா எங்கள் தெரு முனையில் பந்தல் போட்டார். தண்ணீர், ஃபேன், வெளிச்சம், அவ்வளவுதான். சர்ச் ஆளுக்கு இங்கன என்ன வேலை என்று ஒருத்தர் கேட்டதற்கு, "கால் வலிக்குதுங்காக, ஃபேன் போடுதேன். இதுல என்ன வே இருக்கு?" என்றார். எத்தனையோ வருடமாக நடக்கிறது.

"பந்தல் நடக்கும் அண்ணாச்சி, நான் நடத்துதேன்" என்று சொல்லிவிட்டேன். நான் காமர்ஸ் டீச்சர். எனக்குத் தெரிந்த பேலன்ஸ் வேறு, அப்பா பார்த்த லோடு பேலன்ஸ் வேறு. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

"கொடியேத்தத்தன்னிக்கு லைட்டு எரியணும் டீச்சர். இல்லன்னா அவனுக்கே குடுத்துருவோம்" என்றார். ஒரு வருடம் விட்டால் விட்டதுதான். அடுத்த வருடம் அந்த இடத்தில் ஸ்பீக்கர்தான் இருக்கும்.

ஜூலை 16, புதன்

மைதீன் மாமா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

முகம்மது மைதீன், கடையநல்லூர்க்காரர். சவூதியில் எலக்ட்ரீஷியனாக இருந்து வந்து இங்கே பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை வைத்திருக்கிறார். பந்தலுக்கு வயர் இழுப்பது எப்போதும் அவர்தான். மாமா இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் நான் அவ்வளவு பேசினேன்.

"பொருள் என்ன வேணும்னாலும் கடையில எடுத்துக்கோ மக்கா. நான் அங்கன வந்து நிக்கமாட்டேன். பேரு கூப்பிட சாம்ராஜ் அண்ணாச்சி இல்லாம லைன்ல கை வைக்க எனக்கு மனசு வரல."

அவர் சொல்வதும் நியாயம்தான். ஒரு வருடம் இவர் பந்தலின் பின்பக்கம் வயரைப் பிடித்துக்கொண்டு, இன்சுலேஷன் டேப்பைப் பல்லில் கடித்தபடி நின்றிருக்கிறார். அப்பா பெயர் கூப்பிட்டார். வாயில் டேப், பதில் இல்லை. மைதீன் டீ குடிக்கப் போயிட்டான், போடுங்க என்று கூட்டம் அவசரப்படுத்தியது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டார். "இன்னைக்கு நான் பேரன் பேத்தியப் பாக்கேன்னா அது அந்த மனுசன் நின்ன நிப்புதான்" என்றார் மாமா.

எல்லாம் சரிதான். ஆனா இப்ப நான் என்ன செய்ய? யார்ட்ட போய்க் கேக்க? இப்படி நடுத்தெருவுல விட்டுட்டுப் போயிட்டீங்களேப்பா.

ஜூலை 17, வியாழன்

ஆடி பிறந்தது. காற்றில் அம்மாவின் சேலை பக்கத்து வீட்டு மாடிக்குப் போய்விட்டது. வேறொன்றும் நடக்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

என் வீட்டுக்காரன் ஜோஷ்வா ராஜபாளையத்திலிருந்து வந்திருந்தான். மில்லில் அவனுக்கு ஞாயிறு ஒருநாள்தான் லீவு. நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதைப் பார்த்து எங்கள் கல்யாணக் கதையை எடுத்தான்.

மண்டபத்தில் கரண்டு போனது. ஜெனரேட்டருக்கு மாற்ற அப்பா பட்டு வேட்டியோடு போய் மெயின் போர்டு முன்னால் நின்றுகொண்டார். அங்கிருந்தே சத்தமாகப் பெயர் கூப்பிட ஆரம்பித்தார். மேடையில் மாலையும் கழுத்துமாக நான், "எடுத்தாச்சுப்பா" என்றேன். மைக்செட்டுக்காரன் சொன்னான். போட்டோக்காரன் சொன்னான். அடுத்து ஜோஷ்வாவின் அப்பா பெயர். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. சம்பந்தி ஏதோ சபதம் வாங்குகிறார் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார். இருட்டு. வேர்வை. சபை முழுக்கச் சிரிப்பு. ஜோஷ்வா போய் அவர் காதில் சொல்லி, அவர் எழுந்து நின்று கும்பிட்டு "எடுத்தாச்சுங்க" என்ற பிறகுதான் வெளிச்சம் வந்தது.

"எங்க அப்பா இப்பவும் டிவி போடும்போது எங்கம்மாகிட்ட எடுத்தாச்சுங்கன்னு சொல்லுதாரு" என்றான். வயிறு வலிக்கச் சிரித்தேன். அம்மா உள்ளே போய்விட்டாள். அவள் மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது, சிரிப்பா அழுகையா என்று நான் போய்ப் பார்க்கவில்லை.

ஜூலை 23, புதன்

சாயங்காலம் ஸ்கூலிலிருந்து வந்தால் அம்மா கேட்டில் இடுப்பில் கைவைத்து நிற்கிறாள்.

"ஏட்டி, உங்க அப்பாவக் கம்பத்துல கட்டிட்டானுவ."

நிமிர்ந்து பார்த்தேன். வீட்டுக்கு எதிரே கரண்டு கம்பத்தில், வயரை ஒட்டி, அப்பா. பெத்துராஜ் அண்ணாச்சி அடித்த நினைவஞ்சலி பிளக்ஸ். இரண்டு பக்கமும் புறா, பின்னால் நீர்வீழ்ச்சி. டிசைன் செய்தவன் அப்பாவுக்குத் தலைமுடியைத் தாராளமாகக் கொடுத்திருந்தான்.

கம்பத்தில் பிளக்ஸ் கட்டினவர்களை அப்பா விட்டதே இல்லை. காதுகுத்தோ கட்சியோ, ஆள் அனுப்பிக் கழற்றி, மடித்து, வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுப்பார். பெத்துராஜ் அண்ணாச்சிக்கே ஒருமுறை கொடுத்திருக்கிறார். "பாசத்துல கட்டிட்டேன் டீச்சர்" என்று அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். அம்மா, அதை இறக்காமல் சோறு இறங்காது என்றாள்.

மைதீன் மாமாவுக்கு யார் சொன்னார்களோ, பைக்கில் வந்து இறங்கினார். மேலே பார்த்தார். "அண்ணாச்சியையே கட்டிருக்கீரே வே, உமக்கு வேற கம்பம் கெடைக்கலையா?" என்றார். மின்வாரியத்துக்குப் போன் போட்டு லைனை ஆஃப் செய்யச் சொல்லி, ஏணி வைத்து ஏறி மெதுவாக அவிழ்த்து இறக்கினார். லைனைத் திரும்பப் போடச் சொல்லப் போனைக் கையில் எடுத்தவர், பழக்கத்தில், "பெத்துராஜு?" என்றார்.

"எடுத்தாச்சு."

"பெனிட்டா? மதினி?"

நானும் அம்மாவும் எடுத்தாச்சு, எடுத்தாச்சு என்றோம்.

"நானே கூப்பிட்டுட்டேனே" என்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். அம்மா காப்பி கொண்டுவந்தாள். பாதி குடித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "சனிக்கிழமை வயர் கொண்டு வாரேன். ஆனா பேரு கூப்பிடுததும் சுவிட்சு போடுததும் நீதான். என்னால ஆவாது."

ஜூலை 26, சனி

பந்தல் கால் நட்டாயிற்று. மேலே தகரம் ஓரிடத்தில் ஓட்டை. பிளக்ஸை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தோம், அம்மாதான் வழி சொன்னாள். இப்போது அது கூரையில். படம் மேலே, வெள்ளை கீழே. அப்பா புறாக்களோடு வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார், கீழே எங்களுக்கு நிழல். அவருக்கு இது பிடித்திருக்கும்.

ஜூலை 28, திங்கள்

காலையில் கொடியேறியது. சாயங்காலம் பந்தலில் கூட்டம். முதல் நாள் சுற்று முடித்தவர்கள் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். குருவிகுளத்திலிருந்து வந்த முப்பிடாதியம்மாள் என்பவர், "எப்பம்மா ஃபேன் போடுவிய?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

போர்டு முன்னால் நின்றேன்.

"முகம்மது மைதீன்?" பின்பக்கத்திலிருந்து எடுத்தாச்சு. "பெத்துராஜ்?" எடுத்தாச்சு டீச்சர். "ஞானசெல்வி?" பானைப் பக்கமிருந்து அம்மா, எடுத்தாச்சு.

அடுத்து என் பெயரைத்தான் சொல்லியிருக்க வேண்டும். பிறந்ததிலிருந்து கேட்ட வரிசை, வாய் தானாகப் போய்விட்டது.

"சாம்ராஜ்?"

பதில் இல்லை. மாமா தலையைக் குனிந்துகொண்டார். பெத்துராஜ் அண்ணாச்சி துண்டை வாயில் வைத்துக்கொண்டார். எனக்கு விரல் நகரவில்லை. பதில் வராமல் போடக்கூடாது, அதுதானே சட்டம்.

"யாருத்தா அந்த சாம்ராஜு? எங்கன போய்த் தொலைஞ்சாரு?" என்றார் முப்பிடாதியம்மாள்.

அம்மா பானையை மூடிவிட்டு வந்தாள். "எங்க வீட்டுக்காரகதான்" என்று அவரிடம் சொன்னாள். பிறகு என்னைப் பார்த்து, "அவுக எப்பமோ கை எடுத்தாச்சு. நீ போடுட்டி" என்றாள்.

போட்டேன். எல்லாம் எரிந்தது, எல்லாம் சுற்றியது. அழுதுகொண்டே தண்ணீர் மொண்டு கொடுத்தேன். அப்படி ஒரு சந்தோஷம்.

ஜூலை 29, செவ்வாய்

ஸ்கூல் விட்டு நேரே பந்தலுக்குப் போனேன். சுவிட்சுப் பக்கமே வரமாட்டேன் என்ற மைதீன் மாமா போர்டு முன்னால் நின்று பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பெத்துராஜு. மதினி. என் தலையைக் கண்டதும் பெனிட்டா. தன் பெயரையும் சொல்லிக்கொண்டார். அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "சாம்ராஜ் அண்ணாச்சி?"

அம்மா வாயைத் திறப்பதற்குள், பெஞ்சில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த முப்பிடாதியம்மாள் தம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எடுத்தாச்சு, போடுங்க" என்றார்.