எண்ணெய் குடிக்கிற வேன்

நவம்பர் 12
இன்னிக்கு வேன் பொரிச்ச எண்ணெயில ஓடிச்சு. என் வீட்டுக்காரி உருளைக்கிழங்கு வறுத்து மிஞ்சின கழிவு. துணியில வடிகட்டி ஊத்தினேன். பின்னால வந்தவனுக்கெல்லாம் பசி எடுத்திருக்கும், புகை அப்படி மணக்குது.

நவம்பர் 15
ரெண்டு டேங்க். கிளம்புறப்போ டீசல். எஞ்சின் சூடானதும் வால்வைத் திருப்பினா எண்ணெய். நிறுத்துறதுக்கு முன்னாடி, நம்ம தெருமுனையிலேயே, மறுபடி டீசலுக்கு மாத்திக் குழாயைக் கழுவணும். இல்லன்னா குளிர்ல எண்ணெய் உள்ளயே கெட்டியாகிடும். அவளுக்கு விளக்கினேன். "லைட்டை அணைக்கவே மறக்கிற ஆளு நீங்க"ன்னா.

நவம்பர் 20
அவ அண்ணன் வந்து வண்டியை மோந்து பார்த்தார். "மாப்ளே, எஞ்சினைப் பொரிக்கிறீங்களா?"
"உங்க வண்டி குடிக்குது மச்சான். என் வண்டி சாப்பிடுது."
அவர் சிரிச்சார். அவ சிரிக்கல. அவர் போனதும் சொன்னா: "ஆலை ஆளுங்களுக்குச் சமைச்சு அனுப்புறது நான் ஏத்துக்கிட்ட வேலை. இந்த வேன் ஒரு நாள் பிந்தினாலும், அப்புறம் அண்ணன் வண்டியிலதான் அனுப்புவேன்."

டிசம்பர் 3
தெருமுனையில காவல்காரர் மீசைக்குச் சாயம் பூசிட்டு நின்னார். விடுவேனா? ஜன்னல் வழியா கிண்டல் பண்ணிக்கிட்டே வீடு வந்து சேர்ந்தேன்.
வால்வை மாத்தினேனா?

டிசம்பர் 4
மாத்தல. காலைல சாப்பாட்டுப் பாத்திரமெல்லாம் ஏத்தியாச்சு, எஞ்சின் இருமுது, பிடிக்கல. அண்ணனைக் கூப்பிட அவ கையில போன்.
"மறந்துட்டேம்மா. பேசிக்கிட்டே..."
உள்ள போயிட்டா. அழுறாளோன்னு நினைச்சேன். சுடுதண்ணியும் துண்டுமா வந்தா. "சட்டியில எண்ணெய் உறைஞ்சா நான் என்ன, உட்கார்ந்து பார்த்துக்கிட்டா இருக்கேன்? எந்தக் குழாய்?"
துண்டைச் சுத்தி ஊத்த ஊத்த, எஞ்சின் பிடிச்சுது. ஆனா பிந்திட்டோம். ஆலை வாசல்ல ஆளுங்க வரிசையா, வெறும் தட்டோட. அவ தலையே நிமிரல.

டிசம்பர் 5
சாப்பாடு மச்சான் வண்டியில போச்சு. சொன்னதைச் செஞ்சா. நியாயம்தான்.

டிசம்பர் 8
வேனைக் கழுவினேன். காவல்காரர் வந்து நின்னார். மீசையைப் பத்தி ஒன்னும் தோணல. "உடம்பு சரியில்லையா?"ன்னு அவரே கேட்டுட்டார்.

டிசம்பர் 11
அடுப்படியில இருந்து குரல்: "கழிவு எண்ணெய் டின்னெல்லாம் நிறைஞ்சு கிடக்கு. யாரு குடிக்கிறதாம்?"
என்னையா கேட்டா? என்னைத்தான்.

டிசம்பர் 12
பாத்திரமெல்லாம் என் வேன்ல. முன் சீட்டுல அவ. நேரத்துக்குப் போய் இறக்கிட்டோம். திரும்பி வர்றப்போ தெருமுனை. காவல்காரர் கையைத் தூக்கினார். மீசை அன்னிக்கு இருந்ததை விடக் கருப்பு. வாயைத் திறந்தேன்.
பக்கத்துல இருந்து அவ கை நீண்டு வால்வைத் திருப்பிச்சு.
"ம், இப்பப் பேசுங்க."