சேகர் பேரில் பட்டா

டிச. 9, செவ்வாய்

வெயில் வந்துவிட்டது. வராமலே இருந்திருக்கலாம், நாற்றம் தாங்கவில்லை. வயல் முழுக்க அழுகின நெல். புயல் மழையோடு கழுவெளி ஏரியின் உப்புத் தண்ணீரும் ஏறி நின்றதில் ஒரு கதிர் தேறவில்லை.

நிவாரணத்துக்குக் கணக்கெடுக்க வி.ஏ.ஓ. வந்தார். போட்டோ எடுத்தார்.

"பட்டா யார் பேர்லம்மா?"

"என் தம்பி சேகர் பேர்ல சார். மெட்ராஸ்ல கம்பெனி வேலை. பயிர் வைக்கிறது நாங்கதான்."

"பட்டா யார் பேர்ல இருக்குதோ அவங்க அக்கவுண்டுக்குத்தான் பணம் போவும்."

சேகருக்குப் போன் செய்தேன். "வந்ததும் உனக்கு அனுப்பிடறேன்க்கா. இதெல்லாம் ஒரு விஷயமா?" என்றான். நிம்மதி. அப்பா போனதிலிருந்து உழுவதும் நடுவதும் நானும் இவரும்தான். அறுப்புக்கு அறுப்பு அவனுக்கு அரிசி மூட்டை போகிறது. மறப்பானா?

வாங்க: பினாயில், தீப்பெட்டி, இவருக்கு இருமல் மருந்து.

ஜன. 22, வியாழன்

பனி. பக்கத்து வயல் ராணிக்கு நிவாரணம் வந்துவிட்டதாம். காலையில் சேகருக்கு அடித்தேன். அவன் மனைவி எடுத்தாள். "அவரு குளிக்கிறாரு அண்ணி." சாயங்காலமும் அடித்தேன். அப்போதும் குளிக்கிறான்.

நாற்று விட வேண்டும். தோட்டை அடகு வைத்தாயிற்று. இவர் பார்த்துக்கொண்டே நின்றார்.

பிப். 15, ஞாயிறு

சேகரே வந்தான். கையில் மிக்சர், லட்டு. பணம் அப்போதே வந்துவிட்டதாம். பையனுக்கு ஸ்கூல் ஃபீஸ் கட்டிவிட்டானாம்.

"சொல்லலாம்னுதான் இருந்தேன்க்கா. அடுத்த தடவ பாத்துக்கலாம்."

"அடுத்த தடவயும் பயிர் அழுவணுமாடா?"

சிரித்தான். நான் சிரிக்கச் சொல்லவில்லை.

மோட்டார் மானியத்துக்கும் எழுதிப் போட்டிருக்கிறானாம். நாளை ஆபீசர் நிலம் பார்க்க வருகிறார். மோட்டார் வந்தால் நமக்குத்தானே ஓடும் என்று இவர். சரி. லட்டில் எண்ணெய் காறல்.

பிப். 16, திங்கள்

நடவு. நானும் இவரும் ராணியும். ஆபீசர் வந்தார். சேகர் வரப்பில், பேன்ட்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு.

"நீங்களே பயிர் பண்றீங்களா?"

"ஆமா சார். நானேதான்."

"இவங்கள்லாம்?"

"கூலி ஆளுங்க சார்."

சேற்றில் நின்றேன், கையில் நாற்று முடி. இவர் தலையைத் தூக்கவே இல்லை. ராணி என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் மோட்டார் போச்சு. திறக்கவில்லை.

ஆபீசர் போன பிறகு, "ரூல் அப்படிக்கா, வேற வழியில்ல" என்றான். மதியம் என் வீட்டில்தான் சாப்பாடு. மீன் குழம்பை மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். போட்டேனே.

பிப். 19, வியாழன்

உப்பளத்தில் பாத்தி மிதிக்கப் போனேன். இனி வயல் பக்கம் போவதில்லை. இவரிடமும் சொல்லிவிட்டேன்.

சேகர் போன். "தண்ணி பாய்ச்சினியாக்கா?"

"கூலி எவ்ளோ குடுப்பீங்க சார்?"

வைத்துவிட்டான்.

சாயங்காலம் ராணி ஓடிவந்தாள். "உன் நடவுல மாடு எறங்கிடுச்சு!"

மேயட்டும் என்றேன். சொல்லிக்கொண்டே செருப்பைத் தேடினேன். பயிர் என்ன பண்ணும்? மாட்டை விரட்டினேன். போனதற்கு மடையையும் திறந்துவிட்டு வந்தேன். த்தூ.