மூன்று பேர் போட்ட தீனி

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் நலம், அதாவது காய்ச்சல் இருமல் என்று யாருக்கும் ஒன்றும் இல்லை. நீயும் விடுதியில் அந்த அளவுக்காவது நன்றாக இருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். அப்பா போன பிறகு உனக்கு எழுதும் முதல் கடிதம் இது. போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் போனில் எனக்குச் சரியாகப் பேச வருவதில்லை. போன வாரம் நீ, படிப்பை நிறுத்திவிட்டு வீட்டுக்கே வந்துவிடட்டுமா என்று கேட்டபோது, அடுப்பில் பால் இருக்கிறது என்று சொல்லி அத்தையிடம் போனைக் கொடுத்துவிட்டேன். அடுப்பில் ஒன்றும் இல்லை.

அண்ணனுக்கு லிஃப்ட் கம்பெனியில் இந்த மாதமும் இரவு வேலைதான், காலையில் கிரீஸ் கையோடு வந்து அப்படியே சோபாவில் தூங்கிவிடுகிறான். இரண்டு நாள் துணைக்கு என்று வந்த அத்தை தையல் மெஷினையும் கொண்டுவந்து கூடத்தில் போட்டுவிட்டாள், அதன் சத்தம் கேட்டுக்கொண்டிருப்பது நல்லதாகத்தான் இருக்கிறது. நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், சாயங்காலம் நடந்துவிட்டு வருகிறேன். அழுகை வரவில்லை. பார்க்க வருகிறவர்கள், டீச்சருக்கு ரொம்ப தைரியம் என்கிறார்கள். தைரியமெல்லாம் இல்லை. ஊசி போட்டுப் பல் பிடுங்கிய பிறகு உதடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்போமே, அப்படித்தான் இருக்கிறது.

உன்னிடம் மறைத்த ஒன்றைச் சொல்ல வேண்டும். உன் தொட்டி மீன்கள் செத்துவிட்டன. நீ கேட்கும்போதெல்லாம் அண்ணன், எல்லாம் குண்டா இருக்குடி என்பானே, அவை சாகும்வரைக்கும் அது உண்மைதான். நீ கல்லூரிக்குப் போனதிலிருந்து அப்பாதான் தீனி போட்டுவந்தார். இனி யாருக்கும் நினைவிருக்காது என்று நான் காலையில் போட ஆரம்பித்தேன். அண்ணனும் அதே நினைப்பில் வேலை முடிந்து வந்ததும் போட்டிருக்கிறான். மத்தியானத்தில் அத்தை, பாவம் வாயில்லாத ஜீவன் என்று தன் பங்குக்கு ஒரு கை. யாரும் யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் அப்பா பேச்சு வந்துவிடும் அல்லவா. மீனின் வயிறு அதன் கண்ணளவுதான் என்று நீ சொல்லிவிட்டுப் போனது எனக்கு நன்றாக நினைவிருந்தது, அளந்துதான் போட்டேன். தண்ணீர் கலங்கி, எல்லாம் மிதந்து, தொட்டியைக் கழுவும்போதுதான் ஒவ்வொருவராக வாயைத் திறந்தோம். பட்டினி போட்டுக் கொல்றவங்களக் கேள்விப்பட்டிருக்கேன் அண்ணி, விருந்து வச்சுக் கொன்னது நாமதான் என்றாள் அத்தை. அண்ணன் சிரித்தான், சிரித்தபடியே மாடிக்குப் போனவன் வெகுநேரம் இறங்கி வரவில்லை. நான் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றுதானே நீ வருகிறேன் என்கிறாய். ஆளில்லாமல் அந்த மீன்கள் சாகவில்லை. இப்போதும் என் ரத்த அழுத்த மாத்திரையை அண்ணனும் எடுத்து வைக்கிறான், அத்தையும் எடுத்து வைக்கிறாள், நான் ஒன்றைத் திரும்ப டப்பாவில் போடுகிறேன். மூன்றாவதாக நீயும் வந்து எடுத்து வைக்க வேண்டாம். ஏரி மீன்களைப் பற்றிய ஆய்வில் உன்னைச் சேர்த்துக்கொள்வதாகப் பேராசிரியை சொன்ன அன்று அப்பாவிடம் மூச்சுவிடாமல் பேசினாயே, அவர் ஸ்பீக்கரில் போட்டு எங்கள் எல்லோரையும் கேட்க வைத்தார். எனக்கு ஒரு எழவும் புரியல, ஆனா எவ்வளவு ஜோரா பேசறா பாரு என்றார். இந்த வாரத்துக்குள் பதில் சொல்ல வேண்டும் என்றாய். சேருகிறேன் என்று சொல்லிவிடு.

படகில் போகும்போது வெயிலாக இருக்கிறது என்று மிதவைச் சட்டையைக் கழற்றிவிடாதே. அத்தை உனக்கு ஒரு மேல்சட்டை தைக்கிறாள், பழைய அளவுதான், இளைத்திருந்தால் அவளுக்குச் சொல். நீ ஆசைப்பட்ட படிப்பு உனக்குக் கைகூடட்டும், உடம்புக்கு ஒன்றும் வராமல் நல்லபடியாக இரு. விடுமுறை விட்டதும் வா. அதற்கு முன்னால் வரட்டுமா என்று மறுபடியும் போனில் என்னைக் கேட்காதே. கேட்டால் வா என்றுதான் சொல்வேன்.

உன் அம்மா