இடக்கை முடிச்சு

அண்ணனுக்கு,

வேலியை வெட்டியது நீ. உள்ளே இருப்பது அப்பா. மற்றபடி அம்மாவும் நானும் நலம்.

இதற்கு முன் வந்த இரண்டு கடிதங்களும் அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதியவை. அவளுக்கு உண்மை தெரியாது. இது நானே எழுதுவது.

பஸ் ஏறப் போகும் அவசரத்தில் நீ வெட்டிய இடைவெளி வழியாகப் பண்ணைக்காரரின் மாடுகள் பதினொன்று வெளியே போயின. ஒன்பது திரும்பின. இரண்டை மெயின்ரோட்டில் லாரி அடித்துவிட்டது. அதில் ஒன்று சினை.

விடிந்ததும் அப்பா பார்த்திருக்கிறார். வீட்டில் கம்பி வெட்டுகிற கட்டரைக் காணோம், நீயும் இல்லை. அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. பேசாமல் வீட்டுக்கு வந்திருக்கலாம். முப்பது வருடம் வேலி கட்டிய மனுஷனுக்கு அறுந்த கம்பியைப் பார்த்தால் கை சும்மா இருக்குமா? உள்ளே மிச்சமிருக்கும் மாடுகளும் போய்விடுமே என்று ஐந்து இழையையும் இழுத்துக் கட்டிவிட்டு வந்தார். எல்லோரும் கம்பியை வலப்பக்கம் முறுக்குவார்கள். இடப்பக்கம் முறுக்குகிற இடக்கை ஆள் ஊரிலேயே அவர் ஒருவர்தான்.

இன்ஸ்பெக்டர் முடிச்சைப் பார்த்தார். "வெட்டாதவன் எதுக்குய்யா கட்டணும்?" என்று கேட்டார். "நான்தான் வெட்டினேன், எழுதிக்குங்க" என்றார் அப்பா.

கால்நடை வேலியைச் சேதப்படுத்தினால் இரண்டு வருடம், கால்நடை செத்தால் ஐந்து வரை போகும் என்கிறார் வக்கீல். அந்த வேலியைப் போட்டுக் குளத்துக்குப் போகிற பொதுப்பாதையை மறித்தவனுக்கு எத்தனை வருடம் என்று கேட்டேன். சிரித்தார். அது குற்றம் இல்லையாம், மனு கொடுக்கலாமாம். நாம் கொடுத்த நான்கு மனுக்களும் எந்த மேசையில் டீ கிளாஸைத் தாங்குகின்றனவோ. நம் ஆடுகள் ஒரு வருடமாகத் தண்ணீருக்கு மூன்று மைல் சுற்றுகின்றன. அதற்கு எந்தச் சட்டப் பிரிவும் இல்லை.

உன் கோபத்தில் தப்பில்லை. எனக்கும் அதே கோபம்தான். ஆனால் வெட்டினவன் அங்கேயே நின்றிருக்க வேண்டும். வெட்டிவிட்டு ஓடிப்போய் ஜன்னல் சீட் பிடிப்பதற்குப் பெயர் கோபம் இல்லை.

நேற்று அப்பாவைப் பார்க்கப் போனேன். "அவனுக்கு இப்பத்தான் வேலை கிடைச்சிருக்கு. கேஸுன்னா சீட்டைக் கிழிச்சிடுவாங்க. நீ வாயைத் திறக்காதே" என்றார். பேசிக்கொண்டே, எங்களுக்கு நடுவே இருந்த வலையில் தளர்ந்து கிடந்த ஒரு கம்பியை இடப்பக்கமாக முறுக்கி இறுக்கினார். ஜெயில் வேலியைக்கூட விட்டுவைக்கவில்லை உன் அப்பா.

வைக்கோலுக்குள் நீ செருகிவிட்டுப் போன கட்டர் என்னிடம் இருக்கிறது. ஸ்டேஷனில் கொண்டுபோய்க் கொடுக்கப் பத்து நிமிஷம் போதும். நான் கொடுக்க மாட்டேன். அது நீ வந்து கொடுக்க வேண்டியது.

பதினாலாம் தேதி காலை பத்து மணிக்கு அவர் ஜட்ஜ் முன்னால் குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போகிறார். நீ எங்கிருந்தாலும் நன்றாக இருக்கணும் என்று சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

எந்த பஸ்ஸில் வருகிறாய்? அதை மட்டும் எழுது.

உன் தங்கை