மை நீலமும் கறுப்பும்

என் கண்ணை நம்பின அண்ணாவுக்கு,

உன் சூரியனை மேஜைக்கு அடியில் இறக்கி வைத்து, அப்பாவின் துண்டால் சுற்றி மறைத்து, அந்த வெளிச்சத்தில் எழுதுகிறேன். பக்கத்து அறையில் சித்தப்பா தூங்குகிறார். குறட்டை நின்றால் என் பேனாவும் நின்றுவிடுகிறது. எழுத்து கோணலாக இருந்தால் திட்டாதே.

மஞ்சள் காமாலையில் நீ எங்களை விட்டுப் போன பிறகு உன் அட்டைக் கட்டடத்தை யாரும் தொடவில்லை, போன வாரம் வரைக்கும். இப்போது அதன் கதியைக் கேள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். உனக்கும் ஞாபகம் இருக்கட்டும். மெட்ராஸில் கட்டடம் கட்டுகிற படிப்பு படிக்கப் போன நீ, லீவுக்கு வந்து, ஐயம்பேட்டை ரோட்டில் நெசவாளர் சொசைட்டி கட்டப்போகும் நெசவுக் கூடத்தை அட்டையில் செய்தாய். எதிரே ஒரு கம்பி, அதில் மேலும் கீழும் நகரும் விளக்கு, அதுதான் உன் சூரியன். கம்பியில் தை, சித்திரை, ஆடி என்று கோடுகள். விளக்கை நகர்த்தினால் மாதம் மாறும், கட்டடம் நிற்கிற பலகையைத் திருப்பினால் காலை போய் மாலை வரும். "கட்டறதுக்கு முன்னாடியே ஒரு வருஷத்து வெயிலையும் உள்ள விட்டுப் பார்த்துடலாம்மா" என்றாய்.

மேகம் போட்ட நாளுக்கு அப்பாவின் வேட்டியை மேலே இழுத்துக் கட்டி, அதற்குப் பின்னால் பல்பு போட்டாய். குளித்துவிட்டு வந்த அப்பா வேட்டி எங்கே என்று தேடினார். "அது வானமா இருக்குதுப்பா, கொஞ்ச நேரத்துல தரேன்" என்றாய். அப்பா வாய்விட்டுச் சிரித்து நான் கடைசியாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

வெளிச்சத்தை அளக்கிற மீட்டரை காலேஜில் வீட்டுக்குத் தரமாட்டார்கள். அதனால் என் கண்ணை எடுத்துக்கொண்டாய். கட்டடத்தின் தரையில் மை நீலப் பட்டு இழை ஒன்று, கறுப்பு இழை ஒன்று, இரண்டையும் ஒட்டி ஒட்டி வைத்தாய். குழித்தறியில் கால் தொங்கவிட்டு உட்கார்ந்தவரின் கண் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்தில் சுவரில் ஒரு ஓட்டை. இரண்டு இழையும் வேறு வேறாகத் தெரிந்தால் அங்கே தறி போடலாம். தெரியவில்லை என்றால் ஜன்னலை மாற்ற வேண்டும். ஒரு மழைநாளில் அப்பா மை நீலச் சேலையில் குறுக்கே ஓடுகிற ஊடை நூலைக் கறுப்பில் நாலு விரல் அகலம் ஓட்டிவிட்டு, வாசல் வெளிச்சத்துக்கு வந்த பிறகுதான் பார்த்தார், இல்லையா? அதிலிருந்துதான் உனக்கு இந்த யோசனையே வந்தது.

நான் பதில் சொல்வதற்கு முன் உன்னை ஏறிட்டுப் பார்ப்பேன். உனக்கு எது பிடிக்குமோ என்று. "என் மூஞ்சியைப் பார்க்காதே, ஓட்டையைப் பாரு" என்று தலையில் குட்டுவாய்.

அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் வடக்குச் சுவர் முழுக்க ஜன்னல் என்று முடிவு செய்தாய். தெற்கே ஜன்னல் வைத்தால் மார்கழி வெயில் நேரே ஜரிகையில் விழுந்து கண் கூசும், கூடத்தின் மறுபாதி இருட்டாகவே கிடக்கும் என்றாய். சொசைட்டிக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து ஓட்டையில் கண் வைத்துப் பார்த்து, சரி என்றார்கள்.

கட்டடக் கான்ட்ராக்ட் சித்தப்பாவுக்குக் கிடைத்தது. சுவர் இடுப்பளவு வந்ததும் அவருக்கு வேறு ஆசை வந்துவிட்டது. வடக்குப் பக்கம் ரோடு. அங்கே வரிசையாகக் கடை கட்டி வாடகைக்கு விட்டால் என்ன? கடைக்குப் பின்சுவர் வேண்டும், அதனால் வடக்கு ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. வெளிச்சம் தெற்கேயிருந்தே வந்துவிடுமாம். இந்த மாற்றத்துக்குக் கையெழுத்துப் போட நாளைக் காலையில் இன்ஜினியர் வருகிறார்.

அவருக்குக் காட்டத்தான் உன் கட்டடத்தை வெளியே எடுத்திருக்கிறார்கள். வடக்கு ஜன்னல்களை அட்டை வைத்து ஒட்டி, தெற்கே புதிதாக ஜன்னல் வெட்டியாகிவிட்டது. கூரையில் சந்தனம், குங்குமம், கதம்ப மாலை. பக்கத்தில் உன் போட்டோ. வருகிறவர்களிடமெல்லாம் "எங்க பையன் கனவுங்க" என்று சித்தப்பா ஈரமே இல்லாத கண்ணைத் துடைத்துக்கொள்கிறார். நீ ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர். வெற்றிலைச் சாறு ஊறின விரலை விட்டு அந்த ஓட்டையைப் பெரிதாக்கியிருக்கிறார். சுற்றிலும் சிவப்பாக ஒரு வளையம். ஊதுவத்தி வாசனையும் அந்த எச்சில் நாற்றமும் சேர்ந்து வருகிறது. உன் கட்டடத்தைச் சோதித்த கண் என்று, நாளைக்கு இன்ஜினியர் முன்னால் அங்கேதான் நான் கண்ணை வைக்க வேண்டும்.

நேற்று வைத்தேன். ஒத்திகையாம். உள்ளே பார்த்தால் மை நீலமும் இல்லை, கறுப்பும் இல்லை. அதே இடத்தில் சிவப்பு இழை ஒன்றும் மஞ்சள் இழை ஒன்றும் ஒட்டியிருந்தது. சிவப்பும் மஞ்சளும் அடுப்படி இருட்டில்கூடத் தெரியுமே அண்ணா.

இது வேற நூலாச்சே சித்தப்பா என்றேன். அவர் சிரித்தார். "நான் உன்னைப் பொய்யா சொல்லச் சொல்றேன்? ரெண்டும் தெரியுதா இல்லியா? தெரியுதுன்னா தெரியுதுன்னு சொல்லு, அவ்வளவுதான்." பிறகு குரலைத் தாழ்த்தி, வாயைத் திறந்து வேறு ஏதாவது உளறினால் இந்த வருஷத்தோடு பள்ளிக்கூடம் போதும், வீட்டில் உட்கார்ந்து தறி நாடாவுக்குத் தார் நூல் சுற்றலாம் என்றார். சொல்லும்போது என் கன்னத்தைத் தட்டினார். சோப்புப் போட்டு மூன்று தரம் கழுவியும் அந்த இடம் சுத்தமான மாதிரி இல்லை.

அப்பாவிடம் ஓடினேன். அவர் ஓட்டையில் கண் வைத்துப் பார்த்தார், ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "நீ படிக்கிற வேலையைப் பாரும்மா" என்றார். வெளிச்சம் விழுகிற வாசலை ஒட்டின தறி அப்பாவுக்குத்தான் என்று சித்தப்பா வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று அம்மா அப்புறம் சொன்னாள். அப்போ உள்ளே உட்காருகிறவர்கள்? அவர்களுக்குக் கண் இல்லையா? அன்றைக்குச் சாப்பிடும்போது அப்பா சோறு பிசைகிற கையைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. அப்பாவைப் பார்த்து இப்படித் தோன்றலாமா அண்ணா? நீ இருந்தால் என்ன சொல்லியிருப்பாய்?

கேட்க ஆள் இல்லாததால் நானே ஒன்று செய்துவிட்டேன். இன்றைக்கு ராத்திரி எல்லோரும் படுத்த பிறகு சிவப்பையும் மஞ்சளையும் நகத்தால் சுரண்டி எடுத்தேன். உன் டப்பாவில் மீதி இருந்த மை நீலத்தையும் கறுப்பையும் சோற்றுப் பருக்கை வைத்து அதே இடத்தில் ஒட்டினேன். இந்தக் கடிதத்தை ஆரம்பிப்பதற்கு முன் உன் விளக்கை ஒவ்வொரு மாதமாக நகர்த்தியும் பார்த்தாயிற்று. தெற்கு ஜன்னலோரம் கூசுகிறது. இழை இருக்கிற நடுக்கூடத்தில், எந்த மாதத்திலும், இரண்டும் ஒரே கறுப்புத்தான்.

சித்தப்பா கண்டுபிடிக்க மாட்டார். அவர் அந்த ஓட்டையில் விரலை விட்டாரே தவிர, ஒரு நாளும் கண்ணை வைத்ததில்லை.

பயமாகத்தான் இருக்கிறது. அவர் கை எவ்வளவு பெரியது என்று உனக்குத் தெரியும். நாளைக்கு அப்பா என் பக்கம் வந்து நிற்பாரா, தலையைக் குனிந்துகொள்வாரா, அதுவும் தெரியவில்லை. ஆனாலும் உனக்கு வாக்குத் தருகிறேன். என்னைக் கூப்பிட்டதும், முதலில் நீங்கள் பாருங்கள் ஐயா என்று இன்ஜினியரிடம் சொல்வேன். அவர் பார்த்த பிறகு நான் அந்த எச்சில் வளையத்தில் கண்ணை வைப்பேன். சித்தப்பா மூஞ்சியையும் பார்க்க மாட்டேன், அப்பா மூஞ்சியையும் பார்க்க மாட்டேன். தெரியல என்று சொல்வேன்.

குறட்டை நின்றுவிட்டது. உன் சூரியனை அணைக்கிறேன்.

ஓட்டையை மட்டும் பார்க்கிற உன் தங்கச்சி,
வசந்தா